கேமராவுக்கு முன் பஞ்சாங்கம்

(கடலூர், சிதம்பரம் வட்டார ஒளிப்பட ஆர்வலர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோரின் கைப்பேசியில் சிதம்பரம் கோபுரத்தின் படம் ஒன்றாவது இருக்கும். எடுத்துப் பாருங்கள். பார்க்காமலேயே அதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கோபுரம் பின்னுக்குச் சாய்ந்திருக்கும். வானம் வெள்ளையாக வெளுத்துப் போயிருக்கும். வானம் நன்றாக வந்திருந்தால் கோபுரம் கறுத்திருக்கும். கீழே ஓர் ஆட்டோவின் பின்பக்கம், நடுவில் இரண்டு மூன்று கேபிள் வயர், ஓரத்தில் ஒரு பிளெக்ஸ் பேனர். சிரிக்கிறீர்கள், அப்படியானால் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

இதற்கு மருந்து என்ன என்று கடையில் கேட்டால் புதிய லென்ஸ் என்பார்கள். ஒரு லட்சம் ரூபாய்க்கும் லென்ஸ் இருக்கிறது, அதற்கு மேலும் இருக்கிறது. நான் அதற்கு முன்னால் வாங்கச் சொல்வது ஒரு பஞ்சாங்கம். பழைய கட்டடம் இருந்த இடத்தில்தான் இருக்கும். அதைத் திருப்பி வைக்கவும் முடியாது, கொஞ்சம் முன்னால் வரச் சொல்லவும் முடியாது. நம் கையில் இருப்பவை இரண்டு: எப்போது போவது, எங்கே நிற்பது. எக்ஸ்போஷர் என்று நாம் அலட்டிக்கொள்வதில் பெரும்பங்கு முதலாவதில் முடிந்துவிடும். கம்போசிஷனில் பெரும்பங்கு இரண்டாவதில் முடிந்துவிடும். மீதிதான் கேமராவின் வேலை.

முதலில் எப்போது என்பதைப் பார்ப்போம். நடராசர் கோயிலின் நான்கு கோபுரங்களும் நான்கு திசையைப் பார்த்து நிற்கின்றன. எல்லாம் ஏழு நிலை, ஏறக்குறைய 40 மீட்டர் உயரம். ஒரே அளவு, ஒரே சாயல். ஆனால் படம் எடுப்பவனுக்கு இவை நான்கும் வேறு வேறு கோபுரங்கள், காரணம் வெயில். கிழக்குக் கோபுரத்தின் வெளிமுகத்துக்குக் காலையில் வெயில், மேற்குக் கோபுரத்துக்கு மாலையில் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும், பஸ் வந்து சேர்ந்த நேரத்துக்கு எந்தக் கோபுரம் எதிரே இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு போகிறோம். காலை ஏழு மணிக்கு மேல வீதிப் பக்கம் நின்று மேற்குக் கோபுரத்தை எடுத்தால் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கிறது. எந்தக் கேமரா வைத்திருந்தாலும் அங்கே கறுப்பு உருவம்தான் கிடைக்கும்.

வடக்குக் கோபுரத்தில்தான் விஷயம் சுவையாகிறது. கலிங்க வெற்றிக்குப் பிறகு, 1516-இல், கிருஷ்ணதேவராயர் திருப்பணி செய்த கோபுரம் அது. அவருடைய சிலையும் அங்கே இருக்கிறது. அதன் வெளிமுகம் எப்போது பார்த்தாலும் மங்கலாகத்தான் இருக்கிறது என்று பலர் குறைபட்டுக்கொள்வார்கள். அவர்கள் பெரும்பாலும் மார்கழியில், ஆருத்ரா தரிசனத்துக்கு வந்தவர்களாக இருப்பார்கள். சிதம்பரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11.4 பாகையில் இருக்கிறது. சூரியன் வடக்கே 23.4 பாகை வரை போய்த் திரும்புகிறது, தெற்கேயும் அதே அளவு. அதனால் புரட்டாசி முதல் வாரம் தொடங்கிப் பங்குனி முதல் வாரம் வரை வடக்குக் கோபுரத்தின் வெளிமுகத்தில் நேர் வெயில் விழவே விழாது. ஆறு மாதம் நிழல்தான். பங்குனிக்குப் பிறகு காலையிலும் மாலையிலும் வெயில் வரத் தொடங்கும். ஏப்ரல் 20-ஐ ஒட்டிச் சூரியன் நண்பகலில் நம் தலைக்கு நேர் மேலே வரும். நட்டு வைத்த கம்புக்கு நிழலே இராது. அதன் பிறகு ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி மறுபடி தலைக்கு மேல் வரும்வரை, நண்பகல் வெயிலும் வடக்கிலிருந்துதான் வரும்.

இப்போது சிதம்பரத்தின் இரண்டு பெரிய விழாக்களை நினைத்துப் பாருங்கள். ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை. ஒன்று சூரியன் வடகோடியில் இருக்கும் காலம், மற்றது தென்கோடியில் இருக்கும் காலம். ஆனியில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கிறது. அன்று காலையில் வடக்குக் கோபுரத்தின்மேல் வெயில் பக்கவாட்டில் வருடிக்கொண்டு போகும். ஒவ்வொரு சுதைச் சிற்பத்துக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல். மூக்கும் தோளும் புடைத்துக்கொண்டு தெரியும். மார்கழியில் அதே அளவு தெற்கே தள்ளி உதிக்கிறது. உச்சிப் பொழுதிலும் 55 பாகைக்கு மேல் ஏறாது. தெற்குக் கோபுரத்துக்கு அன்று காலை முதல் மாலை வரை வெயில். ஆகவே ஆனிக்கு வடக்கு, மார்கழிக்குத் தெற்கு. தேரைப் பார்க்க வருபவர்கள் இதையும் சேர்த்து மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

கிழக்குக் கோபுரத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பங்குனியிலும் புரட்டாசியிலும் சூரியன் நேர்கிழக்கில் உதிக்கும் நாட்களில் கீழ சன்னதியில் நின்றால் வெயில் நம் முதுகுக்கு நேர் பின்னாலிருந்து வருகிறது. கோபுரம் முழுவதும் பளிச்சென்று இருக்கும், ஆனால் தட்டையாக இருக்கும். சிற்பத்தின் நிழல் சிற்பத்துக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். போதாக்குறைக்கு நம் நிழலே நீண்டு படத்துக்குள் வந்து படுத்துக்கொள்ளும். பளிச்சென்ற வெளிச்சம்தான் நல்ல வெளிச்சம் என்ற எண்ணம் நம்மை விட்டுப் போகவேண்டும். தைமாதக் காலை எட்டு மணிக்கு, தென்கிழக்கிலிருந்து வரும் சாய்வான வெயிலில், அதே கோபுரம் இரண்டு மடங்கு ஆழமாகத் தெரியும்.

உதயமும் அஸ்தமனமும் அன்றன்றைக்கு எத்தனை மணிக்கு என்பதெல்லாம் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. இப்போது அதைச் சொல்லும் செயலிகளும் கைப்பேசிக்கு வந்துவிட்டன. எதைப் பார்த்தாலும் சரி, கிளம்புவதற்கு முந்தைய இரவே பாருங்கள்.

அடுத்தது, எங்கே நிற்பது. கோபுரம் ஏன் சாய்கிறது? நாம் அண்ணாந்து பார்ப்பதால் சாய்கிறது. கேமராவை மேல்நோக்கிச் சாய்த்த அளவுக்கு, படத்தில் செங்குத்துக் கோடுகள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கும். கோபுரமே மேலே குறுகிப் போகும் கட்டடம். அதை இன்னும் குறுக்கினால் கூம்பாகிவிடும். கேமராவைத் துளியும் சாய்க்காமல் நேராகப் பிடித்தால் சாயாது. அப்படிப் பிடித்தால் உச்சி வெட்டுப்படுமே என்பீர்கள். அதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, பள்ளிக்கூடக் கணக்குதான்.

முழு ஃபிரேம் கேமராவில் சென்சாரின் நீளம் 36 மில்லிமீட்டர். 24 மில்லிமீட்டர் லென்ஸைப் போட்டுக் கேமராவை நெடுக்குவாக்கில் பிடியுங்கள். நீளத்தில் பாதி 18. அதை 24-ஆல் வகுத்தால் 0.75. அதாவது, கோபுரத்திலிருந்து நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்களோ அதில் முக்கால் பங்கு உயரம், உங்கள் கண்மட்டத்துக்கு மேலே, படத்துக்குள் வந்துவிடும். 40 மீட்டர் கோபுரத்தில் கண்மட்டம் ஒன்றரை மீட்டரைக் கழித்தால் 38.5. அதற்கு 52 மீட்டர் தூரம் போதும். கைப்பேசியின் வழக்கமான லென்ஸ் கொஞ்சம் குறுகலானது. அதற்கு 60 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். கோபுர வாசலில் தொடங்கி எண்பது தப்படி நடந்து திரும்புங்கள். கலசம் வரைக்கும் வந்துவிடும், சாயாமல்.

பழைய பெட்டிக் கேமராக்காரர்களுக்கு இந்த நடை மிச்சம். அவர்களுடைய கேமராவில் பெட்டியை நேராக வைத்துக்கொண்டே லென்ஸ் பொருத்திய பலகையை மட்டும் மேலே தூக்கலாம். இன்றைக்கு அதே வேலையைச் செய்யும் ஷிஃப்ட் லென்ஸ்கள் உண்டு, விலை அதிகம். கம்ப்யூட்டரில் நிமிர்த்திக்கொள்ளலாம் என்பதும் உண்மைதான். ஆனால் நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும், மேல்பகுதி இழுபட்டுக் கூர்மை குறையும். கொஞ்சம் சாய்ந்ததை நிமிர்த்தலாம்; படுத்துக் கிடப்பதை நிமிர்த்தினால் கோபுரம் கொக்குபோல் வளர்ந்துவிடும்.

நேராகப் பிடித்த படத்தில் ஒரு தொல்லை இருக்கிறது. படத்தின் கீழ்ப்பாதி முழுவதும் சாலை. பலர் உடனே அதை வெட்டியெறிந்துவிடுவார்கள். வேண்டாம். அந்தக் கீழ்ப்பாதியை என்ன செய்வது என்பதுதான் கம்போசிஷன். மேல்பாதியைப் பல நூறு வருஷத்துக்கு முன்பே ஸ்தபதிகள் முடித்துவிட்டார்கள். அங்கே நாம் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. கீழ்ப்பாதிதான் நம்முடையது. விடியற்காலை தெளித்த வாசல், கோலம், பூக்கட்டும் பெண்மணி, சைக்கிளில் பால் கேன், மழை பெய்த மறுநாள் தேங்கிய தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் கோபுரம். முன்னால் ஓர் ஆள் இருந்தால்தான் 40 மீட்டர் என்பது 40 மீட்டராகத் தெரியும். ஆள் இல்லாத கோபுரப் படத்தில் கோபுரம் எவ்வளவு பெரியது என்று பார்ப்பவருக்குப் புலப்படாது. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் எடுத்த படங்களில் அது தானாகவே புலப்பட்டுவிடும்.

படத்தை மூன்று மூன்றாகப் பிரித்துக் கோட்டில் பொருளை வைக்கவேண்டும் என்ற விதியை எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்கிறார்கள். கைப்பேசியே கட்டம் போட்டுக் காட்டுகிறது. கடற்கரையில், வயல்வெளியில் அது உதவும். கோபுரத்துக்கு உதவாது என்பது என் அபிப்பிராயம். இருபுறமும் ஒத்த கட்டடத்தை எதிரே நின்று எடுக்கும்போது நட்டநடுவில் வையுங்கள், அதுவும் ஓர் அங்குலம்கூடப் பிசகாமல். சற்றே பிசகினால் கவனக்குறைவாகத் தெரியும். நடுவில் வைக்க மனமில்லை என்றால் நன்றாக ஒதுங்கிப் போய், மூலையிலிருந்து இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி எடுங்கள். இரண்டும் கெட்டான் நிலைதான் படத்தைக் கெடுக்கிறது.

கோயிலுக்கு உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள், அதை மதியுங்கள். கோபுர வாசல்களின் உட்சுவரில் இருக்கும் கரணச் சிற்பங்களை எடுக்க ஆசைப்படுவீர்கள். நூற்றெட்டுக் கரணங்களும் கல்லில் இருக்கும் இடம், ஆசை நியாயமானதுதான். கேட்டுக்கொண்டு, அனுமதித்தால் மட்டும் எடுங்கள். ட்ரோனும் அப்படியே. நான்கு சன்னதியும் நான்கு வீதியும் நமக்கு ஒரு வாழ்நாளுக்குப் போதும்.

இனி எக்ஸ்போஷர். கேமராவில் இருக்கும் ஒளிமானி, எதைக் காட்டினாலும் அது நடுத்தரமான சாம்பல் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் சுண்ணாம்பு அடித்த பழைய பங்களாச் சுவரைக் காட்டினால் வெளிச்சத்தைக் குறைத்துச் சாம்பலாக்கும். அங்கே ஒரு ஸ்டாப் கூட்டவேண்டும். மழையில் நனைந்த கருங்கல் மதிலைக் காட்டினால் வெளிச்சத்தைக் கூட்டி அதையும் சாம்பலாக்கும். அங்கே ஒரு ஸ்டாப் குறைக்கவேண்டும். வெள்ளைக்குக் கூட்டு, கறுப்புக்குக் குறை: கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும், எடுத்துப் பார்த்தால் புரியும்.

சிதம்பரம் கோபுரங்களில் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன. அடிப்பகுதி வண்ணம் பூசாத கருங்கல். அதற்கு மேலே செங்கல்லும் சுதையும், அதன்மேல் வண்ணம். உச்சியில் மின்னும் கலசங்கள். கல்லைப் பார்த்து அளந்தால் மேலே சுதையெல்லாம் வெளிறிவிடும். நான் சொல்வது: வெயில் விழும் சுதையைப் பார்த்து அளந்துகொள்ளுங்கள், கல் கறுத்தால் கறுக்கட்டும். ரா கோப்பாக எடுத்திருந்தால் நிழலில் அமுங்கியதை இரண்டு ஸ்டாப், ஏன் மூன்று ஸ்டாப்கூட மேலே கொண்டுவரலாம். வெள்ளையாக எரிந்துபோன இடத்தில் திரும்பக் கொண்டுவர எதுவுமே இராது. கைப்பேசியில் என்றால், கோபுரத்தின் பிரகாசமான இடத்தில் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். எடுத்த பிறகு ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். வலது ஓரத்தில் மலைபோல் முட்டிக்கொண்டு நிற்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். வெயிலில் திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், திரை பொய் சொல்லும்.

மீட்டரே இல்லாத காலத்தில் ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தார்கள். நல்ல வெயிலில் எஃப் 16, ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழ். ஐஎஸ்ஓ 100 என்றால் ஏறக்குறைய 1/125 வினாடி. கையில் பிடித்து எடுப்பதற்கு அதையே எஃப் 8, 1/500 என்று மாற்றிக்கொள்ளலாம். ஒளியின் அளவு ஒன்றுதான். கீழ சன்னதிக் காலை வெயிலுக்கு இந்த வாய்ப்பாடு இன்றும் பலிக்கிறது.

போலரைசர் ஃபில்டரைப் பற்றி ஒரு வார்த்தை. நீல வானத்தை அடர்த்தியாக்கும் என்று வாங்கிவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கும் வானத்தில்தான் அது நன்றாக வேலை செய்யும். காலையில் கிழக்குக் கோபுரத்தை எடுக்கும்போது சூரியன் முதுகுப்பக்கம், பார்ப்பது மேற்கு. அங்கே அதைக் கழற்றிப் பையில் போடுங்கள். அதே காலையில் தெற்குக் கோபுரத்தை எடுக்கும்போது மாட்டுங்கள், வித்தியாசம் தெரியும். அகல லென்ஸோடு போட்டால் வானத்தில் ஒரு மூலை மட்டும் கறுத்து நிற்கும். அதற்கு மருந்து கிடையாது.

பல படங்களை ஒன்றாகச் சேர்த்து வெளிச்சத்தைச் சமப்படுத்தும் ஹெச்டிஆர் முறை இப்போது எல்லாக் கைப்பேசியிலும் கேட்காமலேயே நடக்கிறது. அளவோடு இருந்தால் நல்லது. அளவு மீறினால் நிழலும் வெயிலும் ஒரே வெளிச்சத்தில் வந்து, சிவகாசிக் காலண்டர் மாதிரி ஆகிவிடும். நிழல் என்றால் இருட்டாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

மாலையில் சூரியன் மறைந்த பிறகு மூட்டையைக் கட்டிவிடாதீர்கள். நம் பக்கத்தில் அந்தி குறுகியது; சூரியன் அடிவானத்துக்குக் கீழே ஆறு பாகை இறங்க 20 நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். அந்த இடைவெளியின் கடைசிப் பகுதியில் ஒரு நேரம் வரும். வானத்தின் நீலமும் கோபுரத்தில் போட்ட மின்விளக்கும் ஒரே அளவு வெளிச்சமாக இருக்கும். சில நிமிடம்தான். டிரைபாடில் வைத்து, எஃப் 8, ஐஎஸ்ஓ 100, இரண்டு முதல் நான்கு வினாடி, கையால் தொடாமல் டைமரில் விட்டு எடுங்கள். தெருவில் போகும் வண்டிகள் வெறும் விளக்குக் கோடுகளாக மாறிவிடும். ஆரம்பத்தில் சொன்ன அந்த ஆட்டோ தொல்லையும் தீர்ந்தது.

இந்த நாட்டில் கோயில்களைப் படம் எடுக்கத் தொடங்கியவர்களுக்கு வானம் பெரிய தலைவலியாக இருந்தது. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியைச் சென்னை அரசாங்கம் 1856-இல் தன் ஒளிப்படக்காரராக நியமித்தது. அவர் 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டுவண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். மெழுகு பூசிய தாள்தான் அவருடைய நெகட்டிவ். அந்தத் தாளுக்கு நீல ஒளி மட்டும்தான் நன்றாகத் தெரியும், சிவப்பு தெரியாது. நீல வானம் வெறும் வெள்ளையாக எரியும், செங்கல் கறுத்துவிடும். அவர் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவில் வண்ணம் தீட்டித் தம் கையாலேயே மேகங்களை வரைந்தார். மரங்களின் இலைகளையும் சில இடங்களில் தொட்டுத் திருத்தினார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டை 21 நெகட்டிவ்களாக எடுத்து, ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளப் படமாக்கியவரும் அவர்தான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்றைக்குக் கைப்பேசியில் விரலால் தடவினால் வயர் மறைகிறது, பேனர் மறைகிறது, மழை மேகம் முளைக்கிறது. இது கூடுமா கூடாதா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். டிரைப்பே மேகம் வரைந்தவர். அவரைப் புகழ்ந்துவிட்டு உங்களைத் திட்ட எனக்கு வாய் வராது. வீட்டுச் சுவரில் மாட்டும் படத்தில் உங்கள் விருப்பம். ஆனால் ஆவணம் என்று ஒரு நூலகத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ கொடுக்கும் படத்தில் ஒரு வயரைக்கூட அழிக்காதீர்கள். வயர் பிடிக்கவில்லை என்றால் நான்கடி தள்ளி நில்லுங்கள். கோபுரத்துக்கும் கேமராவுக்கும் நடுவே இருக்கும் வயர், பல சமயம் ஓரமாக ஒதுங்கினாலே விலகிவிடும். இல்லையென்றால் தூரமாகப் போய் நீள லென்ஸில் மேல்நிலைகளை மட்டும் எடுங்கள்.

கடலூருக்கு வருவோம். சிதம்பரத்தில் கட்டடம் கண்ணை நிறைக்கிறது. கடலூரில் நிலைமை வேறு; கட்டடமே இல்லாத இடத்தைப் படம் எடுக்கவேண்டியிருக்கிறது. தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் சொல்கிறேன், புனித டேவிட் கோட்டை. 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதைச் செஞ்சி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சேர்த்து, பீரங்கியிலிருந்து சுட்ட குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு தூர நிலமும் ஒப்பந்தத்தில் அடக்கம். அப்படிச் சேர்ந்த ஊர்கள்தான் குண்டு கிராமங்கள். குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று இன்றும் சொல்கிறோம். 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமே இங்கே வந்தது. 1752 வரை இருந்தது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை கோட்டையைப் பிடித்து இடித்தது. இன்றைக்கு மிஞ்சியிருப்பவை மேடும் சிதைந்த செங்கல் சுவர்களும்தான்.

அந்தச் செங்கல்லை நெருங்கிப் போய் எடுத்தால் அது எந்த ஊர் இடிந்த வீடாகவும் இருக்கலாம். அங்கே படத்தின் பொருள் நிலம்தான். கோட்டையை ஏன் அந்த இடத்தில் கட்டினார்கள் என்பது படத்தில் தெரியவேண்டும். ஒரு பக்கம் கெடிலம், கிழக்கே கடல், ஆற்றுக்குத் தெற்கே பழைய துறைமுகப்பட்டினம். கெடிலத்தின் கரையில், செங்கல் எச்சம் முன்னால் சிறிதாகவும், ஆறு வளைந்து கடலை நோக்கிப் போவது பின்னால் பெரிதாகவும் வரும்படி நில்லுங்கள். அடிவானத்தைப் படத்தின் மேல்பகுதியில் வையுங்கள்; அங்கே வானத்தைவிடத் தண்ணீருக்கும் மணலுக்கும்தான் வேலை அதிகம். நேரம், மாலையின் கடைசி ஒரு மணி. சாய்ந்த வெயிலில்தான் புல் மூடிய மேடு மேடாகத் தெரியும். நண்பகலில் அது சமதரை. செங்கல்லின் சிவப்பும் அப்போதுதான் எழும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் கேமரா அந்தச் சிவப்பைக் குறைத்துவிடும். வெயில் என்ற குறியில் வையுங்கள். கடல் காற்றில் உப்புப் படலம் லென்ஸில் படிந்து படமே மங்கும், துடைக்கத் துணி வேண்டும்.

திருவந்திபுரம் இன்னொரு வகை. ஔஷதகிரியில் 74 படி ஏறினால் ஹயக்ரீவர் சன்னதி. அந்தப் படிகளில் ஏறிக்கொண்டே திரும்பித் திரும்பிப் பாருங்கள். தரையில் நின்று அண்ணாந்து பார்த்த, கீழே உள்ள கோயிலின் கோபுரம், ஏற ஏற நம் மட்டத்துக்கு வந்துவிடும். சாயும் பிரச்சினையே இல்லை. ஊர், தென்னை, கெடிலம் எல்லாம் கோயிலைச் சுற்றி எப்படி அமைந்திருக்கின்றன என்பதும் தெரியும். கடலூரைச் சுற்றிப் பழைய கட்டடத்தை அதன் நிலத்தோடு சேர்த்துப் பார்க்க இதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியவில்லை. மார்கழிப் பனி விலகும் நேரம் போனால் தூரத்து மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிக்கொண்டே போகும். பனி வெள்ளை என்பதால், முன்பே சொன்ன கணக்குப்படி, அரை ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ கூட்டவேண்டும்.

கேப்பர் மலைச் சிறையையும் சிலர் கேட்பார்கள். 1918-இல் பாரதியார் அடைக்கப்பட்டிருந்த சிறை. அது எடுக்கக்கூடாத இடம். பார்த்துவிட்டு வருவோம்.

மஞ்சக்குப்பமும் முதுநகரும்தான் எனக்கு அதிகக் கவலை தரும் இடங்கள். மைதானத்தைச் சுற்றியுள்ள டவுன் ஹால், பழைய கலெக்டர் அலுவலகம் போன்றவற்றையாவது யாராவது எடுப்பார்கள். முதுநகர்த் தெருக்களில் திண்ணையும் ஓடும் மரத்தூணுமாக நிற்கும் வியாபாரிகளின் பழைய வீடுகளை யாரும் எடுப்பதில்லை. தெரு குறுகல், நமது எண்பது தப்படிக் கணக்கு அங்கே செல்லாது. எதிர் வீட்டுக்காரரைக் கேட்டு அவர் மாடிக்கு ஏறிக்கொள்ளுங்கள். மேகமூட்டமான நாளில் போங்கள். குறுகிய தெருவில் வெயில் நாளில் பாதிச் சுவர் எரியும், பாதிச் சுவர் இருளும். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களை வீணான மாதங்கள் என்று நினைக்கிறோம். முதுநகருக்கு அதுதான் சீசன்.

இந்தக் கடற்கரையில் கட்டடங்களுக்கு ஆயுள் உறுதி கிடையாது. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி தேவனாம்பட்டினத்துக்குள் புகுந்தது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்து, ஊரின் மரங்களையும் கூரைகளையும் சாய்த்துவிட்டுப் போனது. புயலுக்குத் தப்பியதை மனிதர்கள் இடிக்கிறார்கள். வாரிசுகளுக்குப் பங்கு பிரிக்கவேண்டும், பராமரிக்கப் பணம் இல்லை, அவர்களைக் குறை சொல்ல முடியாது. பக்கத்தில் புதுச்சேரியில், 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களின் படங்களை ஒரு லட்சத்துக்கும் மேல் சேர்த்து வைத்திருக்கிறது. கோயில்களுக்காவது அது இருக்கிறது. நம் தெருக்களின் வீடுகளுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் நிற்கும் பழைய கட்டடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது எந்தத் திசை பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சாய்க்காமல், அழிக்காமல், ஒரு முழுப் படம், ஒரு மூலைப் படம், வாசலின் ஒரு படம் எடுங்கள். வீட்டுக்காரரின் அனுமதி கேளுங்கள். தேதி, நேரம், தெரு, நின்ற இடம் ஆகியவற்றை எழுதி, நல்ல தாளில் அச்சிட்டு, ஒரு பிரதியை வீட்டுக்காரருக்கும் ஒன்றை நூலகத்துக்கும் கொடுங்கள். வடக்குப் பார்த்த வீடு என்றால் ஆனி வரை காத்திருங்கள். தெற்குப் பார்த்த வீடு என்றால் வருகிற மார்கழியிலேயே முடித்துவிடலாம்.